வெகுளியும் அழுகையும் – அவசர சிகிச்சைப் பிரிவில் சில இரவுகள்

தமிழகத்து அரசு மருத்துவமனைகள் பலவற்றில், அவசர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் ஓர் அறிவிப்புப் பலகையைக் காணலாம். மருத்துவர், செவிலியர் முதலிய பணியாளர்களைத் தாக்குவதும் மருத்துவமனை உடைமைகளைச் சேதப்படுத்துவதும் பிணையில் விட இயலாத குற்றம் என்று அது எச்சரிக்கும். 2008ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் இயற்றப்பெற்ற தனிச் சட்டம் அதற்கு அடிப்படை. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் மூன்று ஆண்டுகளுக்குக் குறையாத, பத்து ஆண்டுகள் வரை நீளக்கூடிய சிறைத்தண்டனையும் அபராதமும் உண்டு. கை வைத்தால்தான் குற்றம் என்பதில்லை. பணி செய்பவரை மிரட்டுவதும் தடுப்பதும்கூட அச்சட்டத்தின் பார்வையில் வன்முறையே.

பலகை தெளிவாகத்தான் இருக்கிறது. ஆயினும், ஸ்ட்ரெச்சருக்குப் பின்னால் ஓடி வருபவர் எவரும் நின்று பலகையைப் படித்துவிட்டு உள்ளே நுழைவதில்லை. நுழைந்தபின் அவர் வாயிலிருந்து வருவனவற்றைப் பலகை தடுத்து நிறுத்துவதும் இல்லை. அடிதடி நடந்தால் நாளிதழில் செய்தி வரும், வேலைநிறுத்தம் நடக்கும். அடிதடிக்கு முந்தைய படியில், ஒவ்வோர் இரவும் பேசப்படும் வசைச் சொற்களும் மிரட்டல்களும் எந்தச் செய்தியிலும் இடம்பெறுவதில்லை. அவற்றைக் கேட்டுக்கொண்டே ஊசி போடுபவர்களைப் பற்றி எழுதவேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தோம். தந்தையாருடன் ஒரு மருத்துவமனையில் மூன்று இரவுகள் தங்க நேர்ந்ததும், பன்னிரண்டு ஆண்டுகளாக அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கும் நம் தமக்கையின் மகளோடு அதன்பின் நிகழ்ந்த உரையாடல்களும் இக்கட்டுரைக்குக் காரணமாயின.

நம் தந்தையார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மாணவனைக்கூட 'வாங்க தம்பி' என்றழைத்துப் பழகியவர். நீரிழிவுக்கு மாத்திரை உண்பவர். ஒருநாள் மாலை மாத்திரையை விழுங்கிவிட்டு, பசியில்லை என்று உணவைத் தவிர்த்துவிட்டார். இரவு பத்து மணிக்கு வியர்த்துக் கொட்டியது, பேச்சு குழறியது. நாமும் துணைவியாரும் ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். அங்கே விரல் நுனியில் குத்தி இரத்தம் எடுக்க வந்த இளம் செவிலியரை அவர் ஏசிய ஏச்சு இன்றும் நம் செவியில் இருக்கிறது. நாற்பதாண்டு காலத்தில் அவர் வாயில் நாம் கேட்டிராத சொற்கள். 'வாடி, போடி' என்பதில் தொடங்கி அப்பெண்ணின் பிறப்புவரை சென்றார். கைத்தடியை ஓங்கினார். 'உன் வேலையைத் தொலைத்துவிடுகிறேன் பார்' என்றார்.

அந்தப் பெண் இரண்டடி பின்வாங்கி நின்றார். குரலை உயர்த்தவில்லை. "ஐயா, உங்க விரலைக் கொஞ்சம் குடுங்க. ஒரே ஒரு குத்து, அவ்வளவுதான்" என்று அதே சொற்களை மூன்று முறை, அதே தொனியில் சொன்னார். நம் பக்கம் திரும்பி, "இது உங்க அப்பா பேசுறது இல்ல சார். சர்க்கரை இறங்கினா பேச்சு இப்படித்தான் மாறும். தடியை மட்டும் மெதுவா வாங்கிக்கோங்க" என்றார். கருவியில் 38 என்று காட்டியது. நரம்பு வழியே குளுக்கோஸ் ஏற்றிய பத்தே நிமிடங்களில் தந்தையார் கண்ணை நன்றாகத் திறந்து பார்த்தார். எதிரே நின்ற அதே பெண்ணிடம், "அம்மா, இது எந்த ஊர் ஆஸ்பத்திரி? உங்களுக்கு ரொம்பச் சிரமம் குடுத்துட்டேனா?" என்று கேட்டார். அப்பெண் சிரித்துவிட்டு, "ஒண்ணும் இல்லீங்கய்யா, தூங்கிட்டுதான் இருந்தீங்க" என்றார். பிறகு நம்மிடம் தனியே, "அவர்கிட்டச் சொல்லிடாதீங்க சார், மனசு ஒடிஞ்சுருவார்" என்று கேட்டுக்கொண்டு அடுத்த படுக்கைக்குப் போனார். இன்றுவரை நாங்கள் சொல்லவில்லை.

மாத்திரையால் இறங்கிய சர்க்கரை மீண்டும் இறங்கக்கூடும் என்பதால் தந்தையாரை அங்கேயே வைத்திருந்தார்கள். அதனால் அந்த இரவு முழுதும் நாம் அங்கே அமர்ந்திருந்தோம். பார்த்தவற்றுள் மூவரைச் சொன்னால் போதும்.

முதலாமவர் நெற்றி கிழிந்து, சாராய நெடியோடு வந்தவர். தையல் போடவிடாமல் எல்லாரையும் ஏசினார். எழுந்து போகிறேன் என்று வாயிலை நோக்கி இரண்டு முறை நடந்தார். 'குடிகாரன்தானே, போனால் போகட்டும்' என்று ஒரு காவலாளி முணுமுணுத்தார். பயிற்சி மருத்துவரான இளைஞர் விடவில்லை. குடியால் வரும் பிதற்றலும் தலைக்குள் இரத்தம் கசிவதால் வரும் பிதற்றலும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். தலைக்காயம் இல்லை என்று உறுதியாகும்வரை குடியின்மேல் பழி போடக்கூடாது என்பது அவர்களுக்குக் கற்பிக்கப்படும் பாடம். ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். உள்ளே இரத்தக் கசிவு இருந்தது. விடியுமுன் நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்பட்டார்.

இரண்டாமவர் தம் மனைவியை வயிற்றுவலியோடு அழைத்து வந்தவர். ஒரு மணி நேரமாகக் காத்திருந்தார். தமக்குப் பின் வந்த இருவரை உள்ளே கொண்டு சென்றதும் பொங்கிவிட்டார். "காசு குடுத்தவனை உள்ள விடுறீங்க" என்று கத்தினார். நோயின் கடுமையைக் கொண்டு சிவப்பு, மஞ்சள், பச்சை எனப் பிரித்து, சிவப்புக்குரியவரை முதலில் பார்ப்பது அவசர சிகிச்சையின் அடிப்படை நெறி. வரிசையில் நின்றே பழகிய நமக்கு, வரிசையை மீறுவதே இங்கு முறை என்பதை எவரும் எடுத்துச் சொல்வதில்லை.

மூன்றாமவர் வெள்ளைச் சட்டையும் உடன் நால்வருமாக வந்தவர். உறவினர் ஒருவருக்குக் கையில் சிறு சிராய்ப்பு. அதனை உடனே பார்க்கவேண்டும் என்றார். செல்பேசியை உயர்த்திப் படம் பிடித்தபடி, "நான் யாருக்குப் போன் போடுறேன்னு பாரு. நாளைக்கு நீ எந்த ஊர்ல இருப்பேன்னு பாத்துக்கறேன்" என்று செவிலியரிடம் மொழிந்தார். அவருக்கு நோயும் இல்லை, துயரும் இல்லை. தம் ஆள்பலம் இங்கும் செல்லுபடியாகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மூவர் வாயிலும் ஏறத்தாழ அதே வசைகள்தாம். கேட்பவர் காதுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் மூன்றும் ஒன்றல்ல என்பதை அங்கு இருப்பவர்கள் சில நொடிகளில் பகுத்தறிய வேண்டியிருக்கிறது.

தமிழ் கற்பிப்பவருக்கு இவ்விடத்தில் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நினைவுக்கு வருவது இயல்பு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்னும் எட்டில், வெகுளி பிறக்கும் களங்களாகத் தொல்காப்பியர் நான்கினைக் குறிக்கிறார்: உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. தன் உறுப்பை வெட்டுதல், தன் குடியைச் சார்ந்தோருக்குக் கேடு செய்தல், வைதலும் அடித்தலும், கொல்லுதல் என்று அவற்றை விளக்கலாம். நான்கும் பிறர் நமக்கு இழைப்பவை. இனி அழுகைக்குரிய நான்கைப் பாருங்கள்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்ச்சிக்கு ஆளாதல், இழத்தல், இருந்த நிலையிலிருந்து தளர்தல், இல்லாமை. இளிவரலுக்கு அவர் சொல்லும் நான்கனுள் மூப்பும் பிணியும் உள.

அவசர சிகிச்சைப் பிரிவில் கூச்சலிடுபவர் பலரிடம் நாம் காண்பது வெகுளியின் தோற்றம். உள்ளே இருப்பவை அழுகையின் களங்கள். மனைவி துடிக்கப் பார்த்திருந்தவரிடம் இழவைப் பற்றிய அச்சமும் இருந்தது, 'நம்மை எவன் மதிக்கிறான்' என்ற இளிவும் இருந்தது, தனியார் மருத்துவமனைக்குப் போக வழியில்லாத வறுமையும் இருந்தது. ஆண்மகன் பொதுவிடத்தில் அழக்கூடாது என்று வளர்த்த சமூகத்தில், அழுகை வெகுளியின் உடையை எடுத்து அணிந்துகொள்கிறது. சாலை விபத்தில் அடிபட்டவரின் சுற்றத்தாருக்கோ உண்மையிலேயே வெகுளிக்குக் காரணம் உண்டு. ஆனால் மோதிய லாரிக்காரர் அங்கே இல்லை. இருப்பவர் செவிலியர் மட்டுமே. சினம் உரியவர் கிடைக்காதபோது அருகில் நிற்பவரைத் தேர்ந்தெடுக்கிறது.

இன்னொன்றையும் இவ்விடத்தில் கவனிக்க வேண்டும். 'அலை', அதாவது வையப்படுதல், வெகுளி பிறக்கும் களம் என்கிறார் தொல்காப்பியர். அப்படியானால் அந்த அறையில் வெகுளுதற்கு முறையான காரணம் உடையவர், வசையைக் கேட்டு நிற்கும் செவிலியர்தாம். வெகுளுதற்கு உரியவர் வெகுளாதிருக்க, அழுதற்கு உரியவர் வெகுளுகிறார். இந்த முறைமாற்றம் ஒவ்வோர் இரவும் பன்முறை நிகழ்கிறது.

எப்படிச் சமாளிக்கிறாய் என்று தமக்கையின் மகளிடம் கேட்டோம். "மாமா, அதுக்குன்னு யாரும் பாடம் நடத்தல. அடிவாங்கி அடிவாங்கிக் கத்துக்கிட்டதுதான்" என்றாள். அவள் சொன்னவை வருமாறு.

ஒருவர்தான் பேசவேண்டும். கத்துபவரைச் சுற்றி நால்வர் நின்று ஆளுக்கொரு பக்கம் 'சும்மா இருங்க' என்றால் தீ மேலும் மூளும். இரண்டு கை நீளத்துக்கு அப்பால் நிற்கவேண்டும். அவர் வெளியேறும் வழியை மறிக்கக்கூடாது, நம் வழியையும் இழக்கக்கூடாது. தட்டில் உள்ள கத்தரிக்கோல் முதலியவற்றைக் கண் காட்டி அகற்றிவிட வேண்டும். 'கத்தாதீங்க' என்ற சொல்லை அறவே விலக்கவேண்டும்; அச்சொல்லால் அடங்கியவரை அவள் கண்டதில்லையாம். மாறாகப் பெயரைக் கேட்கவேண்டும். 'இப்ப என்ன வேணும், சொல்லுங்க' என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். சிறு சிறு வாக்கியங்களாகப் பேசவேண்டும்; கொதிப்பில் இருப்பவர் காதில் நீண்ட வாக்கியம் ஏறாது. அவர் சொல்வதில் உண்மை இருந்தால் ஒப்புக்கொள்ள வேண்டும். "'ஆமாண்ணே, ஒரு மணி நேரம் ஆச்சு, அது உண்மைதான்'னு சொன்னாப் பாதி கோவம் போயிரும் மாமா. நாம இல்லேன்னு வாதாடினாத்தான் ஏறும்."

முறைப்பெயர் பற்றியும் சொன்னாள். 'அண்ணே', 'ஐயா', 'அம்மா' என்ற விளி பலரை இளக்கும். முன்பின் அறியாதவரை ஒரு சொல்லால் உறவினராக்கிவிடும் வசதி தமிழுக்கு உண்டு. ஆனால் சிலர் அவ்வுறவையே உரிமையாக எடுத்துக்கொண்டு அத்து மீறுவர். அங்கே 'சார்' என்ற சொல்லே காவல். எவரிடம் எதைச் சொல்வது என்பது முகத்தைப் பார்த்து முடிவு செய்யவேண்டியது.

வியப்பு என்னவென்றால், 2012ஆம் ஆண்டு அமெரிக்க அவசரகால மனநல மருத்துவர்கள் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் பத்தும் இவளுடைய பட்டறிவோடு பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. இரண்டு கை நீள இடைவெளி, ஒருவரே பேசுதல், சுருங்கச் சொல்லுதல், வேண்டுவதை அறிதல், உண்மையை ஏற்றல், தேர்வு செய்ய வாய்ப்பளித்தல் எல்லாம் அதிலும் உண்டு. வரம்பைத் தெளிவாக உரைத்தலும் அவற்றுள் ஒன்று. "'நீங்க சொல்றதைக் கேக்குறேன். ஆனா அந்த வார்த்தை வேண்டாம். ட்ரேயைத் தட்டுனா போலீஸைக் கூப்பிடுவோம்'னு ஒரே தடவை சொல்லணும். மிரட்டுற மாதிரி இருக்கக்கூடாது, சேதி சொல்ற மாதிரி இருக்கணும். சொன்னா அதைச் செய்யணும்" என்றாள். கட்டி வைப்பதும் மயக்க ஊசியும் கடைசி வழிகள். அவற்றை மருத்துவர் முடிவு செய்வார்.

பெருங்கலகங்கள் பல மூளுவது இறப்புச் செய்தி சொல்லும் நேரத்தில். 'பார்த்துக்கிட்டிருக்கோம்' என்று கடைசி நிமிடம்வரை சொல்லிவிட்டுத் திடீரென உடலை ஒப்படைத்தால் எவருக்கும் ஐயம் எழும். நிலைமை கடுமையாகும்போதே நெருங்கிய உறவினர் ஒருவரைத் தனியே அமர்த்திச் சொல்லி வரவேண்டும். இறந்தபின் 'இறந்துவிட்டார்' என்ற சொல்லை மறைக்காமல் சொல்லவேண்டும் என்கிறாள். மங்கல வழக்கும் இடக்கரடக்கலும் இலக்கணத்தில் சிறந்தவை. 'எங்களால ஆனதைப் பாத்துட்டோம்' என்ற மழுப்பலோ, உயிர் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் நிற்பவரைக் கொல்லாமல் கொல்லும்.

இவ்வளவும் சொன்னபின், பொறுமையால் எல்லாம் தீரும் என்று எவரும் எண்ணிவிடலாகாது. 2012 ஜனவரியில் தூத்துக்குடியில், சிகிச்சைக்கு வந்த கர்ப்பிணி இறந்ததற்குப் பழியாக, பெண் மருத்துவர் ஒருவர் தம் மருத்துவமனையிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். 2023 மே 10 அன்று கேரளத்தின் கொட்டாரக்கரை தாலுகா மருத்துவமனையில், காயத்துக்கு மருந்திடக் காவலர்கள் அழைத்து வந்த ஒருவர், பயிற்சி மருத்துவர் வந்தனா தாஸைக் கத்தரிக்கோலால் குத்திக் கொன்றார். குத்தியவர் பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்பதைப் படித்தபோது, அத்தொழிலில் இருக்கும் நமக்கு உறக்கம் வரவில்லை. 2024 நவம்பர் 13 அன்று சென்னை கிண்டியில், புற்றுநோய் மருத்துவர் ஒருவரை நோயாளியின் மகன் கத்தியால் குத்தினார். மருத்துவர் உயிர் பிழைத்தார். கொட்டாரக்கரை நிகழ்வுக்குப்பின் அதே மாதத்தில் கேரள அரசு அவசரச் சட்டத்தின் வழியே தண்டனையைக் கடுமையாக்கியது. தூத்துக்குடியில் கொலை நடந்தபோது தமிழகத்தின் சட்டத்துக்கு வயது மூன்றைத் தாண்டியிருந்தது. சட்டம் தேவை, நடந்தபின் வருவது அதன் இயல்பு.

காரணத்தை அறிவது வேறு, அனுமதிப்பது வேறு. தந்தையாரின் வசை நோயின் அறிகுறி. அதற்கு மருந்து குளுக்கோஸ். காத்திருந்த கணவரின் வசை துயரின் அறிகுறி. அதற்கு மருந்து ஒரு விளக்கம். வெள்ளைச் சட்டைக்காரரின் வசைக்கு மருத்துவத்தில் மருந்தில்லை. அது புறக்காவல் நிலையத்தின் வேலை. அன்றிரவு அவருக்கும் செவிலியர் அதே பொறுமையைத்தான் காட்டவேண்டியிருந்தது, ஏனெனில் அவரைக் கேட்பார் இல்லை. மூன்றையும் ஒரே தட்டில் வைத்து 'ஆஸ்பத்திரின்னா இப்படித்தான்' என்று சொல்லும் மேலதிகாரிதான் செவிலியரை உண்மையில் கைவிடுகிறார்.

தமக்கையின் மகளுக்கு அது நேர்ந்தது. ஓரிரவு, மருந்துத் தட்டை உதைத்துத் தள்ளிய ஒருவர், பணி முடிந்து பேருந்து நிலையத்துக்கு வருவாய் அல்லவா, அங்கே இருப்பேன் என்று அமைதியாகச் சொல்லிவிட்டுப் போனாராம். கத்தியவர்களை எல்லாம் மறந்துவிட்டாள். அமைதியாகச் சொன்ன இவரை மறக்க முடியவில்லை. எழுத்து மூலம் முறையிட்டாள். 'சமாளிச்சுக்கம்மா' என்ற மறுமொழி கிடைத்தது. இரண்டு மாதம் விடியற்காலையில் அவள் தம்பி வண்டியோடு வந்து வாயிலில் நின்று அழைத்துப் போனான். "திட்டுனது கூட வலிக்கல மாமா. அன்னிக்கு ராத்திரி அடுத்த பெட்டுக்குப் போய் ஊசி போட்டேன் பாருங்க, கை நடுங்குச்சு. 'உக்காரு, பத்து நிமிஷம் நான் பாத்துக்கறேன்'னு ஒருத்தர் சொல்லியிருந்தாப் போதும்" என்றாள். அந்த அமெரிக்க நெறிகளில் பத்தாவது இதுதான்: நிகழ்வுக்குப்பின் நோயாளியோடும் பணியாளரோடும் அமர்ந்து பேசுதல். செலவில்லாத நெறி, நம் பக்கம் அதற்குத்தான் பஞ்சம்.

புண் ஆற்றுவது, பசி ஆற்றுவது, சினம் ஆற்றுவது, பணி ஆற்றுவது எல்லாவற்றுக்கும் தமிழில் ஒரே வினைதான். செவிலியர் ஒரே இரவில் இவை அனைத்தையும் ஆற்றுகிறார். கொதிக்கும் பாலை ஆற்றுபவரின் கை வெந்துபோனால், பாலைக் குற்றம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது, கையையும் பார்க்கவேண்டும்.

நோயாளியோடு செல்லும் நம்மாலும் சில இயலும். ஒருவரோ இருவரோ மட்டும் உள்ளே செல்வது; உண்ணும் மாத்திரைகளையும் பழைய சீட்டுகளையும் கையோடு எடுத்துச் செல்வது; நம்மவர் பிதற்றினால் 'இவர் எப்போதும் இப்படிப் பேசுபவர் அல்லர்' என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்வது. அந்த ஒரு வாக்கியம் நோயைக் கண்டறிய உதவும் செய்தி. பக்கத்தில் ஒருவர் வரம்பு மீறும்போது செல்பேசியை எடுக்காமல், 'அண்ணே, வாங்க வெளியில ஒரு டீ குடிச்சிட்டு வருவோம்' என்று தோளில் கைவைத்து அழைத்துப் போகும் ஒருவர் ஒவ்வொரு கூட்டத்திலும் இருப்பார். வயிற்றுவலி மனைவியின் கணவரை அன்று அப்படி அழைத்துப் போனவர், எதிர்ப்படுக்கை நோயாளியின் மைத்துனர். அவர் எந்த ஊர், என்ன பெயர் என்று நாம் கேட்டுக்கொள்ளவில்லை. திரும்பி வரும்போது அந்தக் கணவர் கையில் செவிலியருக்கும் ஒரு காகிதக் குவளையில் தேநீர் இருந்தது.